மாவு மில்லில் இரண்டு பெண்கள்

சிரித்துவிட்டீர்கள், பார்த்தேன் அக்கா. பரவாயில்லை, யாராக இருந்தாலும் சிரிப்பு வரத்தான் செய்யும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி போனை எடுத்து, "மதினி, இருக்கீங்களா?" என்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து, "இருக்கேன். பிள்ள இருக்காளா?" "இருக்கா." அவ்வளவுதான், வைத்துவிடுகிறாள். சாப்பிட்டாயா என்ற கேள்வி இல்லை, ஊசி போட்டாச்சா என்ற கேள்வி இல்லை. இது என்ன குடும்பமோ என்று நினைத்திருப்பீர்கள்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இங்கேயே இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் அதுதானே? அப்படியென்றால் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும். என் மகளும் அழுது முடித்துத் தூங்கப் பார்க்கிறாள். கெசியா அவள் பெயர். பெயர் வைத்தது மதினி. என்னைக் கேட்டிருந்தால் ரோசலின் என்று வைத்திருப்பேன். கேட்கவில்லை. அது போகட்டும்.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. சுகிர்தம் டீச்சர் என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். நாற்பத்தேழு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா இறந்துவிட்டாராம். அன்றிலிருந்து இவர்தான் தூக்கி வளர்த்தார், படிக்க வைத்தார், ஏசி மெக்கானிக்காக மஸ்கட்டுக்கும் அனுப்பினார். வருகிற ஆவணியோடு எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அவர் அங்கே, நானும் மதினியும் பிள்ளையும் இங்கே.

நான் தூத்துக்குடிக்காரி. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், பூசை, ஜெபமாலை என்று வளர்ந்தவள். இவர்கள் சபைக்காரர்கள், ஜெபமாலை எல்லாம் கூடாது என்கிறவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கிறிஸ்தவம்தானே என்று தோன்றும். உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும், அக்கா. என் ஜெபமாலையை டீக்கு வாங்குகிற பால்பவுடர் டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நெற்றியில் குங்குமம் இருப்பதால் இதையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இயேசு ஒருநாள் திரும்பி வருவார் என்பது எங்கள் விசுவாசம். ஆள் விட்டுச் சொல்லிவிட்டு வரமாட்டார். திருடன் வருகிற மாதிரி, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வருவார். உயிரோடு இருக்கிறவர்கள், செத்தவர்கள் எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்வார். இதை மடத்திலும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் பூசையில் வாயால் சொல்லுவோம், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு சாப்பிடுவோம். பயந்தது கிடையாது. சிஸ்டர் லியோனில்லா, இது நம் மடங்களுக்கெல்லாம் தலைவியான மதர் புரொவின்ஷியல் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிற மாதிரிதான் என்பார். ஒரு வருஷம் மதர் வருகிறார் என்று மூன்று மாதம் பெஞ்சைத் தேய்த்தோம். பூங்கொத்தோடு வாசலில் நின்றோம். அவர் சமையற்கட்டு வழியாக உள்ளே வந்துவிட்டார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்ணிடம்தான் முதலில் பேசினார். படம் போட்ட புத்தகக்குறியும் அவளுக்குத்தான் கிடைத்தது. எங்களுக்கு வெயில்தான் மிச்சம்.

சபையில் சொல்வது வேறு மாதிரி. தீர்ப்புக்கு முன்னாலேயே ஒரு ரகசிய வருகை உண்டு என்பார்கள். எக்காளம் ஊதும். கண்ணை மூடித் திறப்பதற்குள், அவருக்காக ஆயத்தமாக இருந்தவர்கள் அப்படியே மறுரூபமாகி, வெள்ளை வெளேரென்று ஒளிவீசிக்கொண்டு மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் இங்கேயே கைவிடப்படுவார்கள். மாவு அரைக்கிற இரண்டு பெண்களில் ஒருத்தி போவாள், ஒருத்தி நிற்பாள். ஒரே கட்டிலில் படுத்திருக்கிற இரண்டு பேரில் ஒருவர் போவார், இன்னொருவர் விழித்துப் பார்த்தால் பக்கத்தில் தலையணைதான் இருக்கும்.

கெசியாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது சபையில் ஏழு நாள் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் பெரிய துணியில் படம் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். மேகம், எக்காளம், மேலே போகிற ஆட்கள், கீழே நெருப்புக் கடல். எனக்கு அந்த நெருப்புக் கடல்கூடப் பெரிதாகப் படவில்லை, அக்கா. ஓரத்தில் சின்னதாக ஒரு படம். ஒரு தொட்டில், உள்ளே போர்வை மட்டும் கிடக்கிறது. தாய்க்காரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். போதகர் கையில் இருந்த குச்சியால் அந்தத் தொட்டிலைத் தொட்டு, சின்னப் பிள்ளைகள் பாவம் அறியாதவர்கள், அத்தனை பேரும் போய்விடுவார்கள், தாய்மார்களே, நீங்கள்? என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். முதல் வரிசையில் உட்கார வைத்தது மதினிதான்.

அன்றோடு என் தூக்கம் போயிற்று. என் பிள்ளை போய்விடுவாள், அது நிச்சயம். நான்? பால்பவுடர் டப்பாவில் ஜெபமாலையை ஒளித்து வைத்துக்கொண்டு சபையில் கை தட்டுகிறவள். அந்தப் பக்கத்துக்கும் முழுசாக இல்லை, இந்தப் பக்கத்துக்கும் முழுசாக இல்லை. என்னை யார் எடுப்பார்கள்? பழைய நூல் சேலையைக் கிழித்து, பிள்ளையின் கணுக்காலையும் என் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுக்க ஆரம்பித்தேன். போனால் இழுத்துக்கொண்டாவது போகட்டுமே. சிரிக்காதீர்கள் அக்கா, உங்களுக்கும் பிள்ளை இருக்கிறது.

ராத்திரிக்குக் கட்டு இருக்கிறது, பகலுக்கு என்ன செய்ய? யோசித்துப் பார்த்தேன். எக்காளம் ஊதியது என் காதில் விழாமல் போய்விட்டால், வருகை நடந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். நிச்சயமாகப் போகக்கூடிய ஓர் ஆளைக் கண்ணில் வைத்துக்கொண்டால் போதும். அந்த ஆள் இங்கே இருக்கிற வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். யார் அந்த ஆள்? விடிவதற்கு முன்னாலேயே முழங்காலில் நிற்கிறவர், நகை போடாதவர், வாரம் இரண்டு நாள் உபவாசம், ஊரில் யார் வீட்டில் சீக்கு என்றாலும் கஞ்சி கொண்டுபோகிறவர். சபையிலிருந்து ஒரே ஆள்தான் போகலாம் என்று சொன்னாலும் அது எங்கள் மதினிதான்.

அதனால் மதினியைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். வீட்டில் இருந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் இடைவேளைக்கு ஒரு போன், மத்தியானம் ஒரு போன். "மதினி, இருக்கீங்களா?" "இருக்கேன். என்னட்டி?" "சும்மாதான் மதினி." முதலில் எரிச்சல்பட்டார். பிறகு சக டீச்சர்கள் எல்லாம், தம்பி பெண்டாட்டி இவ்வளவு பாசமாக இருப்பதை நாங்கள் பார்த்ததே இல்லை என்று சொல்ல ஆரம்பித்ததும் எரிச்சலை விட்டுவிட்டார். ஆண்டு விழாவில் தலைமையாசிரியரே மைக்கில் சொல்லிவிட்டாராம்.

ஆனால் என் குறை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மதினிக்கு என்மேல் நம்பிக்கையே கிடையாது. எந்நேரமும் தொட்டிலைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டில்தான். ஜெபத்துக்கு எழுந்தால் முதலில் தொட்டில், ஜெபம் முடிந்தால் மறுபடி தொட்டில். போன் செய்தாலும் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கமாட்டார். பிள்ளை இருக்கிறாளா என்றுதான் கேட்பார். நான் என்ன, பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு வந்துவிடுவேனா? வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர், "இங்க நாப்பத்தெட்டு டிகிரி, மாடியில நின்னு ஏசி மாட்டுதேன். நரகத்தப் பத்தி ஏதாவது கேக்கணும்னா மட்டும் எங்கிட்ட கேளு" என்று வைத்துவிட்டார்.

இன்னொரு சிக்கல், மாவு மில். மதினிக்குக் கடைப்பொடி ஆகாது. மாதம் ஒரு சனிக்கிழமை மிளகாய் வத்தல், மல்லி எல்லாம் காயவைத்து வறுத்து, செல்லையா அண்ணாச்சி மில்லில் அரைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் மில் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மாவு அரைக்கிற இரண்டு பெண்கள் என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நானாகப் போய் நிற்பேனா? தலைவலி என்றேன், பிள்ளைக்குச் சளி என்றேன், தெரியாமல் கடைப்பொடி வாங்கிப் பழைய டப்பாவில் கொட்டினேன். மதினி ஒரு வாய் குழம்பை வைத்துவிட்டு, "இது அண்ணாச்சி மில்லுப் பொடி இல்லியே" என்றார். அத்தோடு விட்டுவிட்டார். அவர் விட்டுவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கெசியாவுக்கு ஆறு மாதம் ஆனதும் சத்துமாவு கொடுக்க வேண்டும். கேழ்வரகு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு எல்லாம் மதினியே முளைகட்டிக் காயவைத்து வறுத்துவிட்டார். பிள்ளைக்கு என்னும்போது தலைவலி என்று எப்படிச் சொல்வது? போனேன். ஆனால் ஒரு ஏற்பாட்டோடு போனேன், அக்கா. இயந்திரத்துப் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தானே? நான் மட்டும் உள்ளே நிற்கிறேன், நீங்கள் பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே தகரக் கொட்டகை பெஞ்சில் உட்காருங்கள் என்றேன். மாவு பிள்ளைக்கு ஆகாதே என்று மதினியும் ஒத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளேயிருந்து பார்த்தால் அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. அது போதும்.

இயந்திரம் ஓடுகிறது. என்ன சத்தம், பக்கத்தில் நிற்கிறவர் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரியும். மாவு பறந்து என் தலை, புருவம், சேலை எல்லாம் ஒரே வெள்ளை. துணிப்பையின் வாயைக் கட்டக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வாரும் சக்கரமும் தட்டித் தட்டி மெதுவாக அடங்கின. சத்தமே இல்லை. அந்த அமைதியில் எங்கேயோ, ஒரே ஒரு எக்காளம். நீளமாக.

நிமிர்ந்து பார்த்தேன். பெஞ்சில் ஆள் இல்லை. பெஞ்சுக்கு அடியில் மதினியின் செருப்பு இருந்தது, மேலே குடை இருந்தது, அதன் பக்கத்தில் கெசியாவின் குல்லா கிடந்தது.

அண்ணாச்சி இருந்தார். அதில் எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை, அவர் எடை போடுவதில் எப்படி என்பது ஊருக்கே தெரியும். கைவிடப்பட்டவர்களில் அவர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நிதானமாகப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு ஒன்று சொல்லவா? அந்த நேரத்தில் எனக்கு நெருப்புக் கடல் ஞாபகம் வரவில்லை, தீர்ப்பு ஞாபகம் வரவில்லை. பிள்ளை பத்து மணிக்குக் குடித்தது, இப்போது பன்னிரண்டு, பாட்டிலை வாயில் வைக்கமாட்டாளே, அங்கே யார் அவளுக்குப் பால் கொடுப்பார்கள், இதுதான் ஓடியது. தெருவுக்கு ஓடி வந்தேன். வானத்தைப் பார்த்து, "பால் குடிக்கிற பிள்ள சாமி, என்னையும் கூப்பிடும், வேலைக்காரியாவாவது வாரேன்" என்று கத்தினேன். நான் கற்ற ஜெபம் அத்தனையும் போய், வாயில் அதுதான் வந்தது. மில்லுக்குப் பின்பக்கம் செம்மண் பொட்டல், வத்தல் காயப்போடுகிற இடம். எதற்கு என்று தெரியாமல் அங்கே ஓடினேன்.

அங்கே நடுப்பொட்டலில், காய்கிற வத்தலுக்கு மத்தியில், வெறுங்காலோடு மதினி நிற்கிறார். கண்ணை இறுக மூடியிருக்கிறார். பிள்ளையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். கெசியா அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு சுற்றிலும் பார்க்கிறாள்.

"மதினி, நீங்க போகலியா?" என்றேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. என் தலை வெள்ளை, முகம் வெள்ளை, உடுப்பு வெள்ளை. பின்னால் வெயில் வேறு.

"ஏட்டி அமலி," என்றார், "நீ மறுரூபமாயிட்டியா?"

"மாவு மதினி" என்றேன்.

அது அவர் காதில் ஏறவில்லை. "என்னைய மன்னிச்சிருட்டி" என்றார். பிள்ளையைச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே, அதற்குத்தான். பெரியவர், அவர் வாயால் மன்னிப்புக் கேட்பது எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அதெல்லாம் ஒன்றும் இல்லை மதினி, பிள்ளைதான் பத்திரமாக இருக்கிறாளே என்றேன்.

அப்போதுதான் தெருமுனையில் பேண்டு செட் திரும்பியது. பக்கத்து ஆலயத்தில் மறுநாள் அசனப் பண்டிகை, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்கு அழைப்புச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். முன்னால் வந்தவர் எக்காளத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அதே மாதிரி நீளமாக ஒன்று ஊதினார். பின்னாலேயே டிரம் அடித்தது. கெசியா கை தட்டினாள். அதுவரை அவள் கை தட்டியதே இல்லை, அக்கா. முதல் தடவை அன்றைக்குத்தான்.

நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். வத்தலை மிதித்ததில் மதினிக்குப் பாதம் எரிகிறது. அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். நல்ல மனுஷர்தான், எடையைத் தவிர.

ஏன் மதினி ஓடினீர்கள் என்று கேட்டேன். மேலே போகும்போது தகரக் கூரை தலையில் இடித்துவிடுமே என்று ஓடினேன் என்றார். பிள்ளையை ஏன் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தீர்கள் என்று கேட்டேன். காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே, "பிள்ள நிச்சயமாப் போவும். நான் போவனான்னு தெரியாதுல்லா. கெட்டியாப் பிடிச்சிக்கிட்டா கூடயே போயிரலாம்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதினியா? மதினிக்கா தெரியாது? தொட்டிலைத் தொட்டிலைப் பார்த்ததும் அதற்காகத்தானாம். பிள்ளை கிடந்தால், சரி, இன்னும் நேரம் இருக்கிறது என்று அவருக்கு மூச்சு வருமாம். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை மாதமும் ஒரே வீட்டில்.

"எதுக்கு மதினி நேரம்?" என்றேன்.

"ஒருத்திய மன்னிக்கணும். ரெண்டு வருசம் ஆகப்போவுது, முட்டி போட்டுக் கேட்டுப் பாக்கேன், மனசு வழிக்கு வரமாட்டேங்கு. எனக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு. சின்னதுலருந்து நான் தூக்கி வளத்தது. வந்து எடுத்துக்கிட்டா. கெட்டவளா இருந்தா எப்பவோ மன்னிச்சிருப்பேன். நல்லவளா வேற இருக்கா."

யார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. சபைப் பாட்டுக் குழுவை ஏழு பிள்ளைகளை வைத்து ஆரம்பித்து வளர்த்தவர் மதினி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போதகரின் மருமகள் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவளும் நல்லவள்தான், தொண்டைதான் சரியில்லை. பாவம், மதினி அதை இவ்வளவு நாள் மனதில் வைத்துக்கொண்டு புழுங்கியிருக்கிறார். "விடுங்க மதினி, பாட்டுக் குழுதான, அதுல என்ன இருக்கு" என்றேன்.

மதினி என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாளித் தண்ணீர் தளும்பித் தளும்பி வழிகிறது, அப்படிச் சிரிப்பு. முந்தானையால் என் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டே, "ஆமாட்டி. பாட்டுக் குழுதான்" என்றார்.

மனதில் இருந்ததை வெளியே சொல்லிவிட்டால் பாரம் குறைந்துவிடும் என்பது எவ்வளவு உண்மை, பாருங்கள். அன்றிலிருந்து மதினி ஆளே மாறிவிட்டார். மீன் வாங்கினால், அவர் ஆசையாகச் சாப்பிடுகிற தலைப்பகுதி என் தட்டுக்கு வருகிறது. பித்தம் என்று சொல்லி நிறுத்திவிட்டார் போல. மஸ்கட்டிலிருந்து போன் வந்தால் முன்பெல்லாம் அவர் பேசி முடித்துத்தான் எனக்கு வரும், இப்போது, நீ முதலில் பேசு என்று கொடுத்துவிடுகிறார். காது கொஞ்சம் மந்தமாகிறதோ என்னவோ. பால்பவுடர் டப்பா தீர்ந்து புது டப்பாவை எடுத்தபோது மூடி ஏற்கெனவே திறந்திருந்தது, பார்த்தால் ஜெபமாலை புது டப்பாவுக்குள் ஒரு சின்னத் துணிப்பையில் இருந்தது. நானே மாற்றி வைத்துவிட்டு மறந்திருப்பேன். பிள்ளை பெற்ற பிறகு எனக்கு மறதி அதிகம்.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை, அக்கா. எப்படிப் போகும், அவர் வரத்தானே போகிறார். ஆனால் தனியாகப் பயப்படுவது வேறு, இரண்டு பேராகப் பயப்படுவது வேறு. மணிக்கட்டில் துணி கட்டுவதை விட்டுவிட்டேன். மில்லுக்கும் சேர்ந்தே போகிறோம், ஒரே இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம். வருகிறவர் வரட்டும், அந்த நேரம் பிள்ளைக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தால் குற்றமாக எடுத்துக்கொள்ளவா போகிறார்? மதர் சமையற்கட்டு வழியாகத்தானே வந்தார். போன் பண்ணுவதை மட்டும் விடவில்லை. நான் அவரைக் கேட்பேன், அவர் பிள்ளையைக் கேட்பார். அதைத்தான் நீங்கள் கேட்டுச் சிரித்தீர்கள்.

நர்சம்மா கூப்பிடுகிறார், அரை மணி நேரம் ஆகிவிட்டது போல. உங்கள் மகனுக்கு ராத்திரி உடம்பு சுட்டால் காய்ச்சல் சொட்டு மருந்து கொடுங்கள், பயப்படாதீர்கள். கொஞ்சம் இருங்கள், போன் அடிக்கிறது. மதினிதான். பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்திருக்கும்.

"ஆமா மதினி, இருக்கா. தூங்குதா. ஊசி போட்டாச்சு..."

"..."

"என்னது மதினி?"

பார்த்தீர்களா அக்கா, சொன்னேனே காது மந்தம் என்று. நான் பிள்ளை இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும், "அது சரி, நீ இருக்கியாட்டி?" என்று கேட்கிறார். நான்தானே பேசிக்கொண்டிருக்கிறேன், நான் இல்லாமல் பிறகு யார்?

"இருக்கேன் மதினி. இந்தா, வீட்டுக்குத்தான் வாரேன்."